பால் பல்லுக்கும் மருத்துவர் வேண்டும்

“விழுந்து முளைக்கப் போகிற பல்தானே!” குழந்தையின் பல்லில் கரும்புள்ளி ஒன்று தென்படும்போது நம் இல்லங்கள் பலவற்றில் எழும் முதற்சொல் இதுவே. தடுப்பூசி அட்டையைப் பொன்போலப் பாதுகாக்கும் பெற்றோரும், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அதன் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கும் பெற்றோரும்கூடப் பல் மருத்துவரை நாடுவதை மட்டும் தள்ளிப் போடுகின்றனர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் குழந்தை அழுத பிறகே அந்த முதல் பயணம் நிகழ்கிறது. வலியோடு செல்லும் குழந்தைக்கு அந்த அறையும் நாற்காலியும் வலியின் அடையாளங்களாகவே மனத்தில் பதிந்துவிடுகின்றன. ஆகவே, நோய் எதுவும் இல்லாத நாளே முதல் சந்திப்புக்கு உகந்த நாள்.

பால் பல்லின் பணி

பால் பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் அனைத்தும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்தாலும், கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. இரண்டு வயதில் முளைத்த ஒரு பல் ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைக்க வேண்டும் என்பது பலரும் எண்ணிப் பாராத கணக்கு.

மெல்லுவதற்கும், எழுத்துகளைத் திருத்தமாக உச்சரிப்பதற்கும் துணைபுரிவதோடு, பின்னர் வரவிருக்கும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் பால் பல்லின் பணியாகும். சொத்தையால் அது முன்னதாகவே அகற்றப்பட்டால், அருகிலுள்ள பற்கள் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. நிலைப்பல் இடமின்றிக் கோணலாக முளைக்கிறது. மேலும், பால் பல்லின் மேற்பூச்சு நிலைப்பல்லைவிட மெல்லியது. எனவே சொத்தை விரைவில் நரம்பை எட்டிவிடுகிறது.

ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்றே கருதிக் கவனியாது விடுவோர் பலர். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்தப் பல், பள்ளிப் பருவத்திலேயே சொத்தையாகிவிடுவது இதனால்தான்.

முதல் சந்திப்பு எப்போது?

முதற்பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள் என்பதே குழந்தைப் பல் மருத்துவர்களின் பரிந்துரை. இரண்டே பல் உள்ள வாயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்னும் கேள்வி இயல்பானது. உண்மையில், அந்தச் சந்திப்பில் பயன்பெறுபவர்கள் பெரும்பாலும் பெற்றோரே.

தாயும் மருத்துவரும் முழங்கால்கள் தொடுமாறு எதிரெதிரே அமர்வர். குழந்தையின் உடல் தாயின் மடியிலும் தலை மருத்துவரின் மடியிலும் இருக்கும். சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். ஈறோரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்கோடு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதுவே சொத்தையின் முதல் அறிகுறி. அந்நிலையில் ஃபுளோரைடுப் பூச்சாலும் உணவுப் பழக்க மாற்றத்தாலும் பல்லை மீட்டுவிட இயலும். குழி விழுந்த பின்னர் அது இயலாது.

அடுத்து, இரவுப் பழக்கத்தைப் பற்றி வினவுவார். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் அருந்தியவாறே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்களில் அந்த இனிப்பு இரவு முழுவதும் தங்கிவிடுகிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதில் விதிவிலக்கல்ல. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் அறவே கூடாது. இரவில் பல் துலக்கிய பிறகு நீர் மட்டுமே அளிக்க வேண்டும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை முறை என்பதே பல்லைப் பொறுத்தவரை முக்கியமானது.

ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று வயது வரை ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பயன்படுத்தலாம். ஏழு, எட்டு வயது வரை பெற்றோர் கையாலேயே பல் துலக்கிவிடுவது நன்று.

அச்சம் இல்லாத பயணம்

“பொய் சொன்னால் பல் டாக்டரிடம் அழைத்துப் போவேன்” என்று மிரட்டுவதும், “ஊசி போட மாட்டார், வலிக்காது” என்று தேற்றுவதும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. கேளாத ஊசியைக் குழந்தையின் மனத்தில் நாமே நட்டுவிடுகிறோம். “உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்” என்பதே போதுமானது. உறங்கி எழுந்து, பசியாறிய காலை நேரம் ஏற்றது. பெற்றோர் தம் பற்களைக் காட்டச் செல்லும்போது குழந்தையை உடன் அழைத்துச் செல்வதும் பழக்கத்தை ஏற்படுத்தும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அழுதால் அதனைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. கருவியை முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன் பின்னரே பயன்படுத்துவது குழந்தைப் பல் மருத்துவர்களின் வழக்கம்.

பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் குழந்தைப் பல் மருத்துவத்தில் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்தவர்கள் பெருநகரங்களில் எளிதில் கிடைப்பர். சிற்றூர்களில் பொதுப் பல் மருத்துவரே முதல் சோதனையைச் செய்யலாம். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கெனத் தனித்துறை உண்டு, கட்டணமும் குறைவு. 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று சோதிக்கும் குறைபாடுகளில் பல் நோய்களும் அடங்கும்.

செலவும் காப்பீடும்

மருத்துவக் காப்பீடு இருப்பதால் பல் செலவும் அதில் அடங்கும் என்று வாடிக்கையாளர்கள் பலர் கருதுகின்றனர். பொதுவான காப்பீடுகளில், விபத்தால் ஏற்பட்ட காயத்துக்கான சிகிச்சை தவிர, பிற பல் சிகிச்சைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டுள்ளன. புறநோயாளிச் செலவை ஏற்கும் கூடுதல் காப்பு சில திட்டங்களில் உண்டு. அதனைப் பெறுமுன் பல் சிகிச்சை அதில் சேர்ந்துள்ளதா, ஆண்டு வரம்பு எவ்வளவு, காத்திருப்புக் காலம் எத்தனை என்னும் மூன்றையும் ஆவணத்தில் படித்தறிவது அவசியம்.

எனவே இச்செலவு பெரும்பாலும் நம் கைப்பணமே. தொடக்கத்தில் ஒரு பூச்சோடு முடிவது, தாமதித்தால் பல் அடைப்பாகும். மேலும் தாமதித்தால் வேர் சிகிச்சையும் உறையும். அதுவும் தவறினால் பல்லை அகற்றி, இடைவெளியைக் காக்கும் கருவி பொருத்தல். சில ஆண்டுகள் கழித்துக் கம்பி கட்டுதல். படிக்குப் படி செலவு கூடுகிறது. மருத்துவமனைக்குச் செல்லும் நாட்களும் கூடுகின்றன. பல பற்கள் கெட்டுவிட்ட சிறு குழந்தைக்கு முழு மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேர்வதும் உண்டு.

முதல் சந்திப்புக்குப் பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சென்று வருவது பொதுவான நடைமுறை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. விளையாட்டில் விழுந்து நிலைப்பல் பெயர்ந்துவிட்டால், அதன் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. பால் பல்லை அவ்வாறு பொருத்துவதில்லை. ஆயினும் காயத்தை மருத்துவர் பார்ப்பது நன்று. அத்தகைய வேளையில் எங்கே செல்வது என்று தேடிக்கொண்டிருக்க நேரமிராது. மருத்துவரின் தொலைபேசி எண் கைவசம் இருப்பதும், அவர் முகம் குழந்தைக்கு முன்பே அறிமுகமாகியிருப்பதும் அப்போது பேருதவியாக அமையும்.