ஆடும் மேஜையும் உயர் கணிதமும்

சிற்றுண்டிச் சாலையில் மேஜை ஆடினால், காகிதத்தை மடித்துக் காலின் கீழ்ச் செருகுவது வழக்கம். கணித மாணவர்களாகிய உங்களுக்கு அது அழகன்று என்பேன். பிராகு நகரத்துப் பாதிரியார் பெர்னார்டு போல்சானோ 1817-ஆம் ஆண்டிலேயே அதற்கு வழி செய்துவிட்டார். தொடர்ச்சியாக மாறும் ஓர் அளவு நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்குச் சென்றால், இடையில் எங்கேனும் பூச்சியத்தைத் தொட்டே தீரும் என்று அவர் நிறுவினார். இதற்கும் ஒரு நிரூபணமா என்று நகைக்காதீர்கள், மேஜையைப் பாருங்கள்.

மேஜை சதுரம்; கால்கள் சம நீளம். மூன்று கால்கள் தரையில் ஊன்றியிருக்க, நான்காவது தொங்குகிறது. அம்மூன்றும் தரையை விட்டு எழாதவாறு மேஜையைக் கால் சுற்றுத் திருப்புவதாகக் கொள்ளுங்கள். (இந்தக் 'கால்' நான்கில் ஒன்று, மேஜையின் கால் அன்று!) முன்பு தொங்கிய இடத்திற்கு இப்போது ஊன்றிய கால் ஒன்று வந்துவிட்டது. அது தரைவரை தாழ்ந்ததால், அதனை அடுத்துள்ள நான்காவது காலும் உடன் தாழ்ந்து தரைக்குள் புதைய வேண்டிவரும். மேலே இருந்தது கீழே போக வேண்டுமாயின், நடுவில் ஒருகணம் தரையைச் சரியாகத் தொட்டிருக்க வேண்டும் அல்லவா? அங்கே நிறுத்துங்கள். அந்த இடம் எது என்று தேற்றம் சொல்லாது. நான் மேஜையை மெல்லத் திருப்பித்தான் கண்டுபிடிக்கிறேன். மேஜை ஆடாது என்பதே உறுதி, மட்டமாக நிற்கும் என்பதன்று. காப்பி சற்றுச் சாய்ந்திருக்கலாம்.

தரை படிபோல் வெட்டுண்டோ மிகச் செங்குத்தாகவோ இருத்தலாகாது. தச்சர் ஒரு காலைக் குட்டையாக அறுத்திருந்தால், போல்சானோவை விட்டுக் காகிதத்தையே நாடுங்கள்.