ஃப்ளவர்ஹார்ன் குஞ்சுகளும் எங்க ஊர் ஊரணியும்

வீட்டுத் தொட்டியில் அறுநூறு குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொன்னதும் பக்கத்து வீட்டு அண்ணன் கொஞ்சம்கூட யோசிக்கலை. "அதுக்கென்ன தம்பி, வாளியில அள்ளி ஊரணியில விட்டுருங்க, புண்ணியமாப் போகும்" என்றார். காரைக்குடியில் மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். எனக்கு அது சரியாப் படலை. ஏன் படலைன்னு அவருக்குச் சொல்லப் போய், சொன்னது பத்தாமத்தான் இந்தப் பதிவு.

முதல்ல மீனைப் பற்றி. ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் எந்த ஆற்றிலும் கிடையாது. மத்திய அமெரிக்காவின் பெரிய சிக்லிட் மீன்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உண்டாக்கிய கலப்பினம். நம்ம ஊர்க்காரர்கள் கொண்டுவிக்கப் போன அதே சீமைதான். நெற்றியில் பெரிய புடைப்பு, உடம்பில் எழுத்து மாதிரி கறுப்புப் புள்ளிகள், அதனால ராசின்னு ஒரு நம்பிக்கை. ஒரு காலத்தில் கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஒண்ணு இருக்கும். ஒரு அடி வரை வளரும். தனியாத்தான் வளர்க்கணும், கூட எதைப் போட்டாலும் அடிச்சுக் கொன்னுடும்.

சிக்லிட்ங்கிற பேர் புதுசா இருந்தாலும் அந்தக் குடும்பம் நமக்குப் புதுசு இல்லை. சந்தையில் வாங்குற ஜிலேபிக் கெண்டை இதுக்குச் சொந்தக்காரன்தான். கேரளாவின் கரிமீனும் அப்படியே. இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொது குணம் உண்டு: முட்டை போட்டுட்டு ஓடிப் போகாது, காவல் காக்கும். மூர்க்கம் எல்லாம் அங்கேயிருந்துதான் வருது. நிகராகுவா ஏரிகளில் இதன் மூதாதைகள் பாறை இடுக்குக்குச் சண்டை போடும். இடம் பிடிச்ச ஜோடிக்குத்தான் குஞ்சு, பிடிக்காததுக்கு ஒண்ணுமில்லை. அதனால எல்லைக்குள் வர்ற எதையும் ஆண் விரட்டும், முட்டைக்குத் தயாராகாத பெண்ணையும் சேர்த்து. ஏரியில் அந்தப் பெண் நாலு அடி தள்ளிப் போனால் விஷயம் முடிஞ்சது. நம்ம தொட்டியின் மொத்த நீளமே நாலடி. கண்ணாடிக்குள்ள இருக்கிறது பூராவும் அவன் எல்லைதான். ஓட இடமே கிடையாது.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. முதல் பெண் மீனை அப்படித்தான் பறிகொடுத்தேன். ரெண்டையும் பத்து நாள் தடுப்புக்கு ரெண்டு பக்கமும் வெச்சுப் பார்த்தேன். சாந்தமா இருந்த மாதிரி தெரிஞ்சது. தடுப்பை எடுத்துட்டுச் சாப்பிடப் போனேன். அரை மணி நேரம்கூட ஆகலை. திரும்பி வந்தப்போ மூலையில் வாலும் செதிலும் கிழிஞ்சு சாய்ஞ்சு கிடந்தது, மறுநாள் காலையில் செத்துப்போச்சு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் அவனால் எட்ட முடியலை, அதைச் சாந்தம்னு நான் நினைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் தடுப்பை எடுக்கிற பழக்கமே விட்டேன். ஃபால்ஸ் சீலிங் லைட்டுக்கு அடியில் மாட்டுவாங்களே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி, அதை 4x2x2 அடித் தொட்டிக்கு நடுவில் நிறுத்தினேன். (தளும்ப நிரப்பினால் சுமார் 450 லிட்டர், அதாவது அரை டன்னுக்குக் கிட்ட. மாடியில் வைக்காதீங்க.) பெண் பக்கம் தட்டியை ஒட்டினாப்ல ஒரு ஓடு. ஆத்தங்குடிக் கல் அழகா இருக்கும்னு முதல்ல நினைச்சேன், ஆனால் அது சிமெண்ட், தண்ணியில் ஊறி காரத்தன்மையை ஏத்திடும். இடிக்கிற பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த கூரை ஓடே போதும். இந்த ஊர்ல அதுக்குப் பஞ்சமில்லை. பெண் ஓட்டில் முட்டை ஒட்டும், ஆண் தட்டிக்கு இந்தப் பக்கமே நின்னு விந்தைப் பீய்ச்சும். சின்ன மோட்டார் வெச்சு ஆண் பக்கத்திலிருந்து பெண் பக்கத்துக்கு நீரோட்டம் கொடுத்தால் அது கட்டம் வழியாப் போய்ச் சேரும். எல்லா முட்டையும் கருவாகாது. ஆனால் பெண் உயிரோட இருக்கும்.

எது ஆண், எது பெண்ணுன்னு கண்டுபிடிக்க முதுகுத் துடுப்புக் கறுப்புப் புள்ளியைக் காட்டுவாங்க, நம்பாதீங்க. முட்டைக்கு நாள் நெருங்கும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளைக் குழாய் வெளியே தெரியும். பெண்ணுக்கு அது தடிச்சு மொண்ணையா, ஆணுக்கு மெலிசா கூராக இருக்கும். அப்போ ரெண்டும் ஓட்டை வாயால் சுரண்டிச் சுத்தம் பண்ணவும் தொடங்கும். இந்த ரெண்டும் சேர்ந்து தெரியாம நான் எதையும் நம்புறதில்லை.

என்னோட முதல் ஆண் மூணு தடவை ஏமாத்தினான். ஒவ்வொரு தடவையும் ரெண்டாம் நாளே அத்தனை முட்டையும் வெளுத்துப் பூஞ்சணம் பிடிச்சது. தண்ணியைக் குறை சொன்னேன், மருந்து ஊத்தினேன். விஷயம் வேற: கலப்பினம்ங்கிறதால ஃப்ளவர்ஹார்ன் ஆண்களில் மலடு நிறைய. நெற்றி பெரிசா இருக்கேன்னு நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினவன் அவன். ரெண்டாவது ஆண் பார்க்கச் சுமார்தான், ஆனால் காரியக்காரன்.

நல்ல முட்டை தேன் நிறத்தில் இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் மூணாம் நாள் வால் துடிக்கும். பெண் அதுகளை வாயில் அள்ளி, தொட்டி மூலையில் தான் தோண்டின குழியில் கொண்டுபோய்த் துப்பும். இன்னும் நாலஞ்சு நாளில் மேகம் மாதிரி எழும்பி நீந்தும். அப்போ புதுசாப் பொரிச்ச ஆர்ட்டீமியா ஒரு நாளைக்கு மூணு வேளை போடணும். இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் பெரும்பாலும் வேண்டாம், சித்திரையில் தண்ணி சூடாகி ஆக்சிஜன் குறையுறதுதான் கவலை. கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

இங்கேதான் கணக்கு இடிக்குது. ஒரு டம்ளரில் அள்ளி எண்ணிப் பார்த்துக் கணக்குப் போட்டால் அறுநூறு வந்தது. ஒண்ணொண்ணும் வளர்ந்தால் தனித்தனித் தொட்டி கேட்கும். உள்ளூர்க் கடை எண்பது எடுத்துக்கிச்சு. சென்னை கொளத்தூர் சந்தைக்கு அனுப்பலாம்தான், முதுகு வளைஞ்சதையும் நெற்றி எழும்பாததையும் அங்கே யாரு வாங்குவா?

"ஊரணியில விட்டுருங்க"ங்கிறதுக்கு என்னோட பதில் ஜிலேபிதான். 1952இல் அதை பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தாங்க. நம்ம பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம், ராமேசுவரம் போற வழி. அங்கே அப்போ மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நோக்கம் நல்ல நோக்கம்: ஏழை வீட்டுத் தட்டில் மீன். குளங்களில் விட்டாங்க. பெண் ஜிலேபி முட்டையை வாயிலேயே வெச்சுப் பொரிக்கும், ரெண்டு மூணு மாசத்திலேயே பருவத்துக்கு வந்துடும். குளம் நெரிசலானால் எல்லாம் விரல் நீளத்திலேயே நின்னு அப்பவும் குஞ்சு பொரிக்கும். 1959இல் இனிமே பரப்ப வேண்டாம்னு மீன்வள ஆராய்ச்சிக் குழுவே சொல்லிடுச்சு. அதுக்குள்ள கண்மாய் கண்மாயாகப் போய்ச் சேர்ந்தாச்சு. வாய் நிறைய முட்டையோட ஒரு தாய் போதுமே.

ஜிலேபியை நான் திட்டலை. இலங்கையில் குளத்து மீன்பிடியே பெரும்பாலும் அதை நம்பித்தான் நடக்குது. எங்க அப்பத்தா வறுத்தால் நானும் ரெண்டு துண்டு கூடச் சாப்பிடுவேன். நான் சொல்றது, விட்டதைத் திரும்ப எடுக்க முடியாதுங்கிறது மட்டும்தான்.

நம்ம ஊரணி தனிக் கிணறு இல்லை. வரத்துக்கால் வழியாத் தண்ணி வருது, நிரம்பினால் கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகுது. ஐப்பசி மழையில் ஒரு தடவை மறுகால் போனால் மீனும் கூடவே போகும். ஃப்ளவர்ஹார்ன் அயிரையையும் தின்னும், தவளைக்குஞ்சையும் தின்னும், கூடு கட்டி மத்ததை அண்டவும் விடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மோகம் தீர்ந்ததும் ஜனங்க நீர்த்தேக்கங்களில் விட்டது அங்கே குஞ்சு பொரிச்சுப் பெருகிடுச்சு. ஆஸ்திரேலியா இந்த மீனையே உள்ளே விடுறதில்லை.

மிச்சக் குஞ்சுகளை என்ன பண்ணினேன்? பெரிய மீன் வளர்க்கிற ரெண்டு நண்பர்கள் தீனிக்கு வாங்கிக்கிட்டாங்க. முடமானதைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணியில் விட்டேன், மயங்கி அப்படியே போயிடும். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. இப்போ வருஷத்துக்கு ஒரு ஈடு மட்டும், அதுவும் எடுத்துக்கிற ஆள் இருந்தால்தான். மத்த நேரம் முட்டை போட்ட அன்னிக்கே ஓட்டை எடுத்து மொட்டை மாடி வெயிலில் காய வெச்சுடுறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் போன மாசம் வந்து தனக்கும் ஒண்ணு வேணும்னார். வளர்க்க முடியலேன்னா என்கிட்டயே திருப்பித் தரணும்னு சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வெச்சிருக்கிறது ரெண்டடித் தொட்டி. ஆறு மாசத்தில் பத்தாது. தை பிறந்ததும் போய்ப் பார்க்கணும்.