பல்கலைக்கழக ஆவணக் காப்பாளர்

பல்கலைக்கழக ஆவணக் காப்பாளர் என்பவர், ஒரு பல்கலைக்கழகம் தன் அலுவல்களின்போது உருவாக்கிய ஆவணங்களுள் நிலையாகக் காக்கத் தக்கவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி, விவரித்து, பாதுகாத்து, தேடி வருவோருக்குக் கிடைக்கச் செய்பவர் ஆவார். ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்பேடுகள், பட்டப் பதிவேடுகள், துணைவேந்தர் அலுவலகக் கோப்புகள், கட்டட வரைபடங்கள், ஒளிப்படங்கள், பேராசிரியர்களின் தனித் தாள்கள், மாணவர் அமைப்புகளின் வெளியீடுகள் ஆகியவை இவர் பொறுப்பில் இருக்கும். அண்மைக் காலத்தில் மின்னஞ்சல்களும் தரவுத்தளங்களும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளன.

பழைய தாள்களைப் பூட்டி வைப்பதே இப்பணி எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது, வைத்துக்கொண்டதை எந்தச் சொற்களால் விவரிப்பது என்பவையே இப்பணியின் மையமான முடிவுகள். ஒரு பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி என்ன அறிய முடியும், பிறர் அதனிடம் என்ன கேட்க முடியும் என்பதை இம்முடிவுகளே தீர்மானிக்கின்றன.

நூலகரும் ஆவணக் காப்பாளரும்

இரண்டு பணிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறுபட்டவை. நூலகத்தில் உள்ள ஒரு நூலுக்குப் பல படிகள் உண்டு. ஒன்று தொலைந்தால் வேறொரு நூலகத்தில் கிடைக்கும். ஆவணம் பெரும்பாலும் ஒரே ஒரு படியாகவே இருக்கும். அழிந்தால் மீண்டும் பெற முடியாது.

நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுகின்றன. ஆவணங்கள் அவற்றை உருவாக்கிய அலுவலகத்தின்படி தொகுக்கப்படுகின்றன. நூல் படிப்பதற்காக எழுதப்படுகிறது. ஆவணமோ ஒரு வேலையை முடிப்பதற்காக எழுதப்படுகிறது. அது பின்னாளில் அந்த வேலை நடந்ததற்குச் சான்றாகிறது.

வரலாறு

பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் ஆவணங்களைக் காத்தது வரலாற்று ஆர்வத்தால் அன்று. தம் உரிமைகளை நிலைநாட்டவே. 1209-இல் ஆக்சுபோர்டு நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட்டனர். இதனால் ஆசிரியர்களும் மாணவர்களும் நகரைவிட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் கேம்பிரிட்சு சென்றனர். 1214-இல் திருத்தந்தையின் தூதர் வழங்கிய தீர்ப்பு, திரும்பி வந்த அறிஞர்களுக்கு நகரத்தார் செய்ய வேண்டிய ஈட்டை வரையறுத்தது. பல்கலைக்கழகத்தின் சலுகைகளுக்கு அடிப்படையான மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. இத்தகைய சாசனங்கள் பெட்டிகளில் வைக்கப்பட்டுத் தேவாலயங்களில் பூட்டிக் காக்கப்பட்டன.

ஆவணங்களின் ஆற்றலை எதிர்த் தரப்பினரும் அறிந்திருந்தனர். 1381-இல் இங்கிலாந்தில் உழவர் கிளர்ச்சி எழுந்தபோது, கேம்பிரிட்சு நகரத்தார் புனித மரியாள் தேவாலயத்தில் இருந்த பல்கலைக்கழகப் பெட்டியை உடைத்துச் சாசனங்களைச் சந்தைத் திடலில் எரித்தனர். தாள் அழிந்தால் அது தரும் சலுகையும் அழியும் என்பதே அவர்கள் கணக்கு. கிளர்ச்சி அடங்கியபின் பல்கலைக்கழகம் தன் உரிமைகளை மீண்டும் பெற்றது. ஆனால் எரிந்த மூலங்கள் திரும்பவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் தொடக்கக் காலத்தைப் பற்றிய நேரடிச் சான்றுகள் குறைவாக இருப்பதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

ஆக்சுபோர்டில் 1634-இல் பிரையன் டுவைன் முதல் ஆவணக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். நகர ஆட்சியுடன் நெடுங்காலமாக நடந்த வழக்குகளுக்காக அவர் பழைய ஆவணங்களைத் தேடித் தொகுத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் நிலையான பதவியாக இப்பணி உருவானதற்கு இதுவே பின்னணி. அறிவியல் முறையிலான வரலாற்றாய்வு 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தபின் ஆவணங்கள் வழக்குமன்றத்திலிருந்து ஆய்வாளர் மேசைக்கு வந்தன. 20-ஆம் நூற்றாண்டில் நிறுவனங்கள் பொதுமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆவணக் காப்பாளரின் பொறுப்பும் அதற்கேற்ப விரிந்தது.

பணிகள்

தேர்ந்தெடுத்தல்

ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் உருவாகும் தாள்கள் அனைத்தையும் வைத்துக்கொள்ள இடமோ ஆளோ போதாது. எனவே ஒவ்வொரு வகை ஆவணத்தையும் எத்தனை ஆண்டுகள் வைக்க வேண்டும் என்று வரையறுக்கும் வைப்புக்கால அட்டவணையைக் காப்பாளர் பதிவாளர் அலுவலகத்துடன் சேர்ந்து உருவாக்குகிறார். விடைத்தாள்கள் முடிவுகள் வெளியாகி மறுமதிப்பீட்டுக் காலமும் கடந்தபின் அழிக்கப்படலாம். மதிப்பெண் பதிவேடும் பட்டப் பதிவேடும் நிலையாகக் காக்கப்பட வேண்டியவை. எந்தெந்தக் கோப்புகள் எப்போது, எவர் ஒப்புதலுடன் அழிக்கப்பட்டன என்னும் பட்டியலும் நிலையாகக் காக்கப்படும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்பது இத்துறையின் பழைய விவாதம். ஆங்கிலேய அறிஞர் இலரி செங்கின்சன் 1922-இல் வெளியிட்ட கையேட்டில், காப்பாளர் தம் விருப்பப்படி ஆவணங்களை நீக்கலாகாது, அது நிர்வாகத்தின் வேலை என வாதிட்டார். அமெரிக்கரான தியோடர் செலன்பெர்க் 1956-இல் வெளியிட்ட நூலில், பெருகிவரும் தாள்களின் மதிப்பை ஆராய்ந்து தேர்வதில் காப்பாளருக்குப் பங்கு உண்டு என்றார். நிறுவனம் எப்படி இயங்கியது என்பதற்குச் சான்றாகும் மதிப்பு, மனிதர்களையும் நிகழ்வுகளையும் பற்றித் தகவல் தரும் மதிப்பு என இரண்டை அவர் வேறுபடுத்தினார். இன்றைய நடைமுறை பெரும்பாலும் செலன்பெர்க்கின் வழியில் செல்கிறது. எனினும் செங்கின்சனின் எச்சரிக்கை இன்றும் பொருளுடையது. இன்றைய விருப்புவெறுப்பால் அழிக்கப்படுவதை நாளைய தலைமுறை கேட்டுப் பெற முடியாது.

ஒழுங்கமைத்தல்

இதில் இரண்டு விதிகள் உண்டு. ஓர் அலுவலகத்தின் ஆவணங்களை மற்றோர் அலுவலகத்தின் ஆவணங்களுடன் கலக்கலாகாது என்பது முதல் விதி. இது 1841-இல் பிரான்சு அரசின் சுற்றறிக்கை வழியாக நடைமுறைக்கு வந்தது. அந்த அலுவலகம் ஆவணங்களை எந்த வரிசையில் வைத்திருந்ததோ அதே வரிசையைக் காக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. 1898-இல் நெதர்லாந்து காப்பாளர் மூவர் எழுதிய கையேடு இவ்விதிகளை உலகெங்கும் பரப்பியது.

மாணவர் விடுதி வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றிய கோப்பை எடுத்துக்கொள்வோம். அதில் மாணவர்களின் மனு, விடுதிக் காப்பாளரின் அறிக்கை, பதிவாளரின் குறிப்பு, துணைவேந்தரின் ஆணை ஆகியவை நாள் வரிசையில் உள்ளன. துணைவேந்தர் புகழ்பெற்றவர் என்பதால் அவருடைய ஆணையை மட்டும் எடுத்துத் தனித் தொகுப்பில் வைத்தால், அவர் எந்த மனுவைப் படித்தபின் எந்த அறிக்கையை நம்பி முடிவெடுத்தார் என்பது தெரியாமல் போகும். தாள் அழியாவிட்டாலும் சான்று அழிந்துவிடும்.

விவரித்தல்

ஒழுங்குபடுத்திய தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் காப்பாளர் ஒரு விளக்கப் பட்டியல் எழுதுகிறார். உருவாக்கியவர், காலம், அளவு, உள்ளடக்கம், காப்பகத்துக்கு வந்த வழி, அணுகல் கட்டுப்பாடு ஆகியவை அதில் இடம்பெறும். பன்னாட்டு ஆவணக் காப்பகப் பேரவை 1994-இல் வெளியிட்ட பொது விவரிப்புத் தரம் இதற்கு வழிகாட்டுகிறது. பட்டியலில் இல்லாத பெயரை எவராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், விவரிப்பு வெறும் எழுத்துவேலை அன்று.

பாதுகாத்தல்

தாளுக்குப் பகை அமிலம், ஈரம், வெப்பம், ஒளி, பூச்சி ஆகியவை. ஆவணங்கள் அமிலமற்ற உறைகளிலும் பெட்டிகளிலும் வைக்கப்படுகின்றன. துருப்பிடிக்கும் குண்டூசிகளும் கவ்விகளும் அகற்றப்படுகின்றன. கிடங்கின் வெப்பமும் ஈரப்பதமும் நாள்தோறும் அளக்கப்படுகின்றன. குளிர்ச்சியைக் காட்டிலும் ஏற்ற இறக்கமின்மையே முதன்மையானது. பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்திவிடும் அறை, தாளை விரிந்து சுருங்கச் செய்து விரைவில் நலிவடையச் செய்யும்.

அணுகல்

திறந்து காட்டுவதும் மறைத்து வைப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள். மாணவரின் மதிப்பெண், உடல்நலக் குறிப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை அவருடைய தனி உரிமை சார்ந்தவை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் சட்டம் இவற்றை வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. பல காப்பகங்கள் இத்தகைய கோப்புகளைக் குறித்த ஆண்டுகள்வரை மூடி வைக்கின்றன. அதே வேளையில், நிறுவனத்துக்கு இழுக்கு வரும் என்பதற்காக ஒரு கோப்பை மறைப்பது காப்பாளரின் தொழில் அறத்துக்கு மாறானது.

சார்ச்டவுன் ஆவணங்கள்: ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள சார்ச்டவுன் பல்கலைக்கழகம் இயேசு சபையினரால் நிறுவப்பட்டது. மேரிலாந்தில் இருந்த அச்சபையின் பண்ணைகளில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் வேலை செய்தனர். 1838-இல் சபையின் மாகாணத் தலைவர் தாமசு மல்லடி, அவர்களுள் 272 பேரை லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த இருவருக்கு 1,15,000 டாலருக்கு விற்க உடன்பட்டார். கிடைத்த பணத்தின் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

1838 சூன் 19 நாளிட்ட விற்பனை ஒப்பந்தத்தில் விற்கப்பட்டோரின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அதை எழுதியவர்களுக்கு அது ஒரு சொத்துப் பட்டியல். அது காக்கப்பட்டதும் மனிதர்களை நினைவுகூர அன்று, பணக் கணக்குக்காக. சபையின் மாகாண ஆவணங்கள் பின்னர் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றன. விற்பனையைப் பற்றி வரலாற்றாய்வாளர்கள் முன்பே எழுதியிருந்தனர். ஆனால் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோருக்கு அந்தத் தாள்களில் தம் முன்னோரின் பெயர் இருப்பது தெரியாது.

2015-இல் பல்கலைக்கழகம் இவ்வரலாற்றை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஒப்பந்தம், பண்ணைக் கணக்குகள், திருமுழுக்குப் பதிவுகள், கப்பல் பயணிகள் பட்டியல் முதலியவை எண்ணிமமாக்கப்பட்டு, எழுத்துப்பெயர்ப்புடன் இணையத்தில் வெளியிடப்பட்டன. ஒரு பதிவேட்டில் உள்ள பெயரும் வயதும் மற்றொன்றில் உள்ள பெற்றோர் பெயரோடு ஒப்பிடப்பட்டன. இவ்வாறு லூசியானாவில் வாழ்ந்துவந்த குடும்பங்கள் தம் மூதாதையரை மேரிலாந்துவரை பின்தொடர முடிந்தது.

2017-இல் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்புக் கோரின. மல்லடியின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்துக்கு ஐசக் காக்கின்சு என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஒப்பந்தப் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த மனிதரின் பெயர் அது.

இந்நிகழ்ச்சி ஆவணக் காப்பாளர் பணியின் மூன்று கூறுகளைத் தெளிவாக்குகிறது. பழைய கணக்குத் தாள் எனக் கருதி எவரேனும் அழித்திருந்தால் பெயர்களே கிடைத்திரா. கணக்கேடுகளும் திருமுழுக்குப் பதிவுகளும் எந்தப் பண்ணையைச் சேர்ந்தவை என்பது அழியாமல் இருந்ததால்தான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடிந்தது. பட்டியலில் ஆட்பெயர்கள் இல்லாவிட்டால் குடும்பங்களால் இத்தகைய தாள்களைத் தேடுவது கடினம். ஆட்பெயர்கள் ஏறினால் வழி திறக்கும். இன்று பல காப்பகங்கள் பழைய விளக்கப் பட்டியல்களைத் திருத்தி எழுதி வருகின்றன. உடைமையாளர் பெயரோடு நின்றுவிடாமல், உடைமையாக எண்ணப்பட்டவர்களின் பெயர்களையும் சேர்ப்பது இத்திருத்தத்தின் நோக்கங்களுள் ஒன்று.

மின்னணு ஆவணங்கள்

தாளை அலமாரியில் மறந்துவிட்டாலும் நூறாண்டு கழித்துப் படிக்க முடியும். மின்னணுக் கோப்பை இருபது ஆண்டுகள் கவனியாமல் விட்டால், அதைத் திறக்கும் மென்பொருளோ கருவியோ இல்லாமல் போகலாம். துறைத்தலைவர் ஓய்வுபெறும்போது அவருடைய மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால், முன்பு கோப்பாக இருந்திருக்கக்கூடிய கடிதப் போக்குவரத்து முழுவதும் மறையும். எனவே காப்பாளர் ஆவணம் உருவாகும் கட்டத்திலேயே தலையிட வேண்டியுள்ளது.

நீண்டகாலம் நிலைக்கும் கோப்பு வடிவங்களுக்கு மாற்றுதல், பல படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல், கோப்பு மாறவில்லை என்பதைச் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணால் அவ்வப்போது உறுதிசெய்தல் ஆகியவை அடிப்படை நடைமுறைகள். இத்தகைய காப்பகங்களுக்கான கருத்துருவை ஐஎசுஓ 14721 என்னும் பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. தாள் ஆவணத்தை வருடிப் படமாக்குவது பாதுகாப்பின் முடிவன்று. அந்தப் படமும் காக்கப்பட வேண்டிய மற்றோர் ஆவணமாகிறது.

பேரிடர் ஆயத்தம்

2021 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவின் மேசை மலைச் சரிவில் பரவிய காட்டுத்தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தை அடைந்தது. ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்புகள் இருந்த சாகர் படிப்பறை எரிந்தது. அச்சு நூல்களும் திரைப்படத் தொகுப்பும் பெருமளவில் அழிந்தன. தீத்தடுப்புக் கதவுகள் அடித்தளக் கிடங்குகளைத் தீயிலிருந்து காத்தன. ஆனால் தீயணைக்கப் பாய்ச்சிய நீர் அங்கே தேங்கியது. ஈரத் தாளில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சணம் படியத் தொடங்கும் என்பதால், தன்னார்வலர்கள் பெட்டிகளை விரைந்து வெளியேற்றினர். நனைந்தவை உறைநிலையில் வைக்கப்பட்டன. எந்தத் தொகுப்பு எங்கே உள்ளது, எதை முதலில் எடுக்க வேண்டும், நனைந்த தாளை எங்கே உறைய வைப்பது என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் பேரிடர்த் திட்டம் காப்பாளரின் கடமைகளுள் ஒன்று.

மாணவர்கள் காப்பகத்தைப் பயன்படுத்தும் முறை

ஆவணக் காப்பகத்தில் அலமாரிகளிடையே நடந்து தேட இயலாது. முதலில் விளக்கப் பட்டியலைப் படித்து, தொகுப்பின் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே கோரிக்கை தர வேண்டும். என்ன தலைப்பு என்பதோடு, எந்த அலுவலகம் இந்தச் செயலைச் செய்திருக்கும் என்றும் கேட்டுப் பார்ப்பது தேடலை எளிதாக்கும். படிப்பறையில் மைப் பேனாவுக்கு இடமில்லை. பென்சில் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு கோப்பையே திறக்க வேண்டும். தாள்களின் வரிசையை மாற்றலாகாது. வரிசை தவறாக இருப்பதுபோல் தோன்றினால் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டுமே தவிர, தாமே சரிசெய்யக் கூடாது.

மேற்கோள் காட்டும்போது காப்பகத்தின் பெயர், தொகுப்பு, பெட்டி எண், கோப்பு எண், ஆவணத்தின் நாள் ஆகியவற்றைத் தர வேண்டும். அடுத்து வரும் ஆய்வாளர் அதே தாளை எடுத்து, சொல்லப்பட்டது சரிதானா என்று பார்க்க இது ஒன்றே வழி.