வளவில் ஒரு மருதோன்றிச் செடி

பெருநாள் இரவில் நம் வீட்டுப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு மருதோன்றிக்குக் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் வளவு மூலையில் நின்ற செடியில் இலை பறித்து, அம்மியில் அரைத்து இட்டார்கள். இன்று பலரும் கடையில் கோன் வாங்குகிறோம். அதில்தான் கவனம் தேவை, சகோதரிகளே!

'கறுப்பு மருதோன்றி' என்று விற்கப்படுபவற்றில், தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலில் கொப்புளத்தையும் தழும்பையும் உண்டாக்கக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் முடிச்சாயம் பூசும்போதும் அது கடுமையாகத் திரும்பலாம். கலப்பில்லாத மருதோன்றி முதலில் செம்மஞ்சளாகப் பிடித்து, ஓரிரு நாட்களில் கருஞ்சிவப்பாகும். சில நிமிடங்களில் கறுப்பதை நம்பாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு செடி இருந்தால் இந்தப் பயம் இல்லை. வளர்ப்பதும் இலகு.

மழை தொடங்கும் காலத்தில், பென்சில் பருமனான முற்றிய கொப்பை ஏறத்தாழ 8 அங்குல நீளத்துக்கு வெட்டி, பாதியளவு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. பின்னர் நாள் முழுதும் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். வறட்சியைத் தாங்கும் இச்செடி, வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மழை அதிகமுள்ள ஊர்களில் மண்ணை மேடாக்கி நடுவது நல்லது. வளவு இல்லாதவர்கள், அடியில் துளையிட்ட பெரிய சாடியில் வளர்க்கலாம்.

செடியை அதன் போக்கில் விட்டால் உயர்ந்து, கொப்புகளில் முள்ளும் வைக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை கத்தரித்து விடுங்கள். புதுத் தளிர்களில்தான் சாயம் அதிகம். பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பு கத்தரித்தால், உரிய நேரத்தில் இளம் இலைகள் கிடைக்கும். வெட்டிய பின் சிறிது கூட்டெரு போட்டால் போதும்.

இலையைத் தேசிக்காய்ச் சாறு சேர்த்து அரைத்து, சில மணி நேரம் கையில் வைத்திருங்கள். ஆனால் கைக்குழந்தைகளுக்கு இட வேண்டாம். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த குழந்தைகளுக்கு, இயற்கை மருதோன்றியும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிராபத்தை உண்டாக்கலாம். அக்குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதேயில்லை.

நரைக்குச் சாயமிட நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியவற்றுள் மருதோன்றியும் ஒன்று. இந்த மழைக்கே ஒரு கொப்பை நட்டு வையுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் பெருநாட்களில் உங்கள் பிள்ளைகளின் கைகள் உங்கள் வளவு இலையாலேயே சிவக்கும்.