பழைய வீட்டுக் கணினிகளில் காட்சி மாயைகளும் புதிர்த் தீர்வு நிரல்களும்

1980களின் தொடக்கத்தில் வீடுகளுக்குள் வந்த எட்டு பிட்டுக் கணினிகளில் ஆர்வலர்கள் எழுதிப் பார்த்த சிறு நிரல்களுள் இரண்டு வகைகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கண்ணை ஏமாற்றும் உருவங்களைத் திரையில் வரையும் காட்சி மாயை நிரல்கள். மற்றொன்று, சதுரங்கப் பலகைப் புதிர் போன்றவற்றுக்கு விடை தேடும் புதிர்த் தீர்வு நிரல்கள். இரண்டுமே சில பத்து வரிகளில் அடங்கக்கூடியவை. முதல் வகையில் கணினி வரைவது சரியாக இருக்கும், பார்ப்பவரின் கண் தவறும். இரண்டாம் வகையில் கணினி கண்மூடித்தனமாகத் தேடும், எழுதுபவரின் சிந்தனையே வேலையை முடிக்கும். நினைவகமும் வேகமும் மிகக் குறைவாக இருந்ததால், இந்த இரண்டு உண்மைகளையும் அக்கணினிகள் தெளிவாகக் காட்டின. இக்கட்டுரை இங்கிலாந்தில் உருவான ஸ்பெக்ட்ரம் கணினியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குகிறது.

கணினியின் அமைப்பும் வரம்புகளும்

சின்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட்டு நினைவகம் கொண்டது 125 பவுண்டுக்கும், 48 கிலோபைட்டு கொண்டது 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டன. அதன் நுண்செயலி 3.5 மெகா ஏர்ட்சு வேகத்தில் இயங்கும் இசட்80 ஆகும். வீட்டுத் தொலைக்காட்சியே திரை, ஒலிநாடாவே சேமிப்பகம். கணினியை இயக்கியவுடன் பேசிக் மொழி தயாராக இருக்கும். எனவே தனி மென்பொருள் எதுவும் வாங்காமலே நிரல் எழுதத் தொடங்கலாம்.

திரை 256 படப்புள்ளி அகலமும் 192 படப்புள்ளி உயரமும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதைக் குறிக்க 6,144 பைட்டுகள் ஒதுக்கப்பட்டன. நிறத்தைக் குறிக்கத் தனியாக 768 பைட்டுகள் இருந்தன. திரை 32 நெடுவரிசைகளும் 24 கிடைவரிசைகளும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு நிற பைட்டு வழங்கப்பட்டது. ஆகவே ஒரு கட்டத்திற்குள் இரண்டு நிறங்கள் மட்டுமே இருக்க முடியும். மூன்றாவது நிறத்தில் ஒரு கோடு குறுக்கே சென்றால், அந்தக் கட்டத்தில் முன்பே இருந்த புள்ளிகளும் நிறம் மாறிவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, பேசிக் மொழியில் ஆயிரம் முறை வெறுமனே சுற்றும் ஒரு வளையம் முடிவதற்கே நான்கு நொடிகளுக்கு மேல் ஆகும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், புதிர் நிரல்களில் எழும் சிக்கல் எளிதில் விளங்கும்.

ஹெர்மான் கட்டம்

லுடிமார் ஹெர்மான் என்ற செருமானிய உடலியங்கியலாளர் 1870இல் விவரித்த மாயை இது. வெண்ணிறப் பின்னணியில் கருப்புச் சதுரங்களைச் சம இடைவெளியில் அடுக்கினால், வெள்ளைப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். ஒரு புள்ளியை நேராக உற்று நோக்கினால் அது மறைந்து, சுற்றியுள்ளவை மட்டும் தெரியும்.

இதை ஸ்பெக்ட்ரத்தில் உருவாக்கக் கோடு எதுவும் வரைய வேண்டியதில்லை. நிற பைட்டுகள் 22,528 என்ற முகவரியிலிருந்து வரிசையாக அமைந்துள்ளன. ஒரு முகவரியில் நேரடியாக எண்ணை இடும் 'போக்' கட்டளையால் அங்கு 0 என்று இட்டால் கட்டம் முழுக் கருப்பாகும். 56 என்று இட்டால் வெண்ணிறமாகும். கட்டங்களின் வரிசை எண்களைச் சுழியிலிருந்து எண்ணிக்கொண்டு, கிடைவரிசை எண்ணையோ நெடுவரிசை எண்ணையோ நான்கால் வகுக்கும்போது மீதி 3 வந்தால் வெள்ளை, இல்லையெனில் கருப்பு என்ற ஒரே நிபந்தனை போதும். மூன்று கட்ட அகலமுள்ள 48 கருப்புச் சதுரங்கள் திரையில் அமையும்.

பாதைகளின் சந்திப்பில் நான்கு பக்கமும் வெளிச்சம் இருப்பதால், விழித்திரை உயிரணுக்கள் அங்கு ஒன்றையொன்று கூடுதலாக அடக்குகின்றன என்பதே இதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். ஆனால் நேர்ப் பாதைகளைச் சற்று வளைத்து அலைபோல் வரைந்தால் சாம்பல் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. வெளிச்சத்தின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, மாயை மட்டும் மறைவதால் பழைய விளக்கம் போதுமானதல்ல என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நிரலில் சிறு மாற்றம் செய்து மாணவர் தாமே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கஃபே சுவர் மாயை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கஃபேயின் வெளிச்சுவரில் பதித்த ஓடுகளில் இம்மாயை கவனிக்கப்பட்டது. ரிச்சர்ட் கிரிகோரி, பிரிசில்லா ஹேர்ட் ஆகிய இருவரும் 1979இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கருப்பும் வெள்ளையுமான ஓடுகள் மாறிமாறி அமைந்த வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஒன்று விட்டு ஒரு வரிசை அரை ஓடு அளவு நகர்ந்திருக்கும். வரிசைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சாந்துக் கோடுகள் உண்மையில் இணையானவை. ஆனால் அவை ஒரு முனையில் நெருங்கி மறுமுனையில் விலகுவது போலத் தெரியும்.

சாந்துக் கோட்டின் ஒளிர்வு கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்டதாக இருக்கும்போது மாயை வலுவாக இருக்கும். ஸ்பெக்ட்ரத்தில் இதுவே தடையாகிறது. கருப்பும் வெள்ளையும் உள்ள கட்டத்தில் மூன்றாவதாகச் சாம்பல் நிறத்தைச் சேர்க்க இடமில்லை. எனவே சாந்துக் கோட்டை ஒரு புள்ளி கருப்பு, ஒரு புள்ளி வெள்ளை என மாற்றி மாற்றி வரைய வேண்டும். தொலைக்காட்சித் திரையிலிருந்து சற்று விலகி அமர்ந்தால் அப்புள்ளிகள் கலந்து சாம்பல் கோடாகத் தெரியும்.

இதற்கு ஸ்பெக்ட்ரத்தில் உள்ள பயனர் வரைவுருக்கள் உதவும். எழுத்துகளைப் போல அச்சிடக்கூடிய 21 உருவங்களைப் பயனர் தாமே வடிவமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எட்டு எண்கள் தேவை. 255 என்ற எண் எட்டுப் புள்ளிகளையும் எரியவிடும். 170 ஒன்று விட்டு ஒரு புள்ளியை எரியவிடும். ஏழு முறை 255, கடைசியில் 170 என்று கொடுத்தால் கீழ்ப்பக்கம் சாந்து கொண்ட கருப்பு ஓட்டுத் துண்டு கிடைக்கும். ஏழு முறை 0, கடைசியில் 170 என்றால் வெள்ளைத் துண்டு. இரண்டு கட்ட அகலமும் இரண்டு கட்ட உயரமும் ஓர் ஓட்டுக்கு அளவு எனக் கொண்டால், அரை ஓடு நகர்த்துவது சரியாக ஒரு கட்டம் நகர்த்துவதாகும். பேசிக் அச்சிட அனுமதிக்கும் 22 வரிகளில் 11 ஓட்டு வரிசைகள் அமையும்.

அடுத்தடுத்த வரிசைகளை இடமும் வலமுமாக மாற்றாமல் ஒரே பக்கமாகத் தொடர்ந்து நகர்த்தினால், எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் சாய்வது போலத் தோன்றும். அவை சாயவில்லை என்பதற்கு நிரலே சான்று. கோட்டை உருவாக்கிய எண் எல்லா இடத்திலும் 170தான்; அது அமர்ந்த வரியும் மாறவில்லை.

முல்லர்-லையர் மாயை: அளந்து பார்த்தல்

பிரான்சு முல்லர்-லையர் 1889இல் வெளியிட்ட இம்மாயையில் சம நீளமுள்ள இரண்டு கோடுகள் இருக்கும். முனைகளில் உள்ள சிறு இறகுக் கோடுகள் வெளிப்பக்கம் விரிந்தால் கோடு நீளமாகவும், உட்பக்கம் மடங்கினால் குறுகியதாகவும் தெரியும்.

தாளில் வரைந்த படம் மாயையைக் காட்ட மட்டுமே செய்யும். கணினியில் அதை அளக்கவும் முடியும். ஒரு கோட்டை 80 புள்ளி நீளத்தில் நிலையாக வைத்து, மற்றதை விசைப்பலகையால் நீட்டவும் குறைக்கவும் விட வேண்டும். இரண்டும் சமம் என்று தோன்றும்போது பயனர் ஒரு விசையை அழுத்துவார். அப்போதுள்ள நீள வேறுபாட்டை நிரல் சேமித்துக்கொள்ளும். 'ஓவர்' கட்டளையை இயக்கி வைத்தால், அதே கோட்டை மறுபடி வரையும்போது அது அழிந்துவிடும் என்பதால், திரை முழுவதையும் துடைக்காமல் கோட்டின் நீளத்தை மாற்றலாம்.

முடிவு நம்பத்தக்கதாக இருக்கச் சில முன்னெச்சரிக்கைகள் தேவை. பாதி முறை நீளமான கோட்டிலிருந்தும் பாதி முறை குறுகிய கோட்டிலிருந்தும் தொடங்க வேண்டும். எல்லாம் முடியும் வரை பிழையைக் காட்டக் கூடாது. தொலைக்காட்சியில் புள்ளிகளின் அகலமும் உயரமும் துல்லியமாகச் சமமாக இல்லாததால், இரண்டு கோடுகளும் கிடையாகவே இருக்க வேண்டும். பத்து முறை சோதித்துச் சராசரி எடுத்தால், ஒருவரது கண் எத்தனை புள்ளிகள் தவறுகிறது என்பது எண்ணாகவே கிடைக்கும். விடையை முன்பே அறிந்தவருக்கும் பிழை நீங்குவதில்லை என்பதையும் இச்சோதனை காட்டும்.

எட்டு அரசிப் புதிர்

சதுரங்கப் பலகையில் எட்டு அரசிகளை ஒன்றையொன்று தாக்காதவாறு வைக்க வேண்டும் என்பது இப்புதிர். மாக்சு பெசல் என்ற செருமானியர் 1848இல் இதை முன்வைத்தார். இதற்கு 92 விடைகள் உள்ளன. பலகையைத் திருப்புவதாலும் எதிரொளிப்பதாலும் கிடைப்பவற்றைத் தனியாக எண்ணாவிட்டால் 12 விடைகள். நிரலைப் படிப்படியாக உருவாக்கும் முறையை விளக்க நிக்லாசு விர்த் 1971இல் இதே புதிரைப் பயன்படுத்தினார்.

64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஓர் அரசிதான் இருக்க முடியும் என்று உணர்ந்தால் அது 1,67,77,216 ஆகக் குறையும். ஆனால் அத்தனை முறை வெறுமனே எண்ணவே ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கிற்கு 18 மணி நேரத்திற்கு மேல் ஆகும். சரிபார்க்கும் வேலையையும் சேர்த்தால் நாட்கணக்காகும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒன்றுதான் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் 40,320 வழிகளே மிஞ்சும்.

இதனினும் சிறந்தது பின்வாங்கித் தேடும் முறை. அதன் படிகள் வருமாறு:

1. முதல் கிடைவரிசையின் முதல் கட்டத்தில் தொடங்க வேண்டும்.
2. அந்தக் கட்டத்தின் நெடுவரிசையும் இரண்டு மூலைவிட்டங்களும் காலியாக இருந்தால் அரசியை வைத்து, அடுத்த கிடைவரிசைக்குச் செல்ல வேண்டும்.
3. காலியாக இல்லாவிட்டால் அதே வரிசையில் அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டும்.
4. வரிசையில் எந்தக் கட்டமும் பொருந்தாவிட்டால் முந்தைய வரிசைக்குத் திரும்பி, அங்குள்ள அரசியை எடுத்து அடுத்த கட்டத்தில் முயல வேண்டும்.
5. எட்டாவது வரிசையிலும் அரசி அமர்ந்தால் ஒரு விடை கிடைத்தது.

மூலைவிட்டத்தைச் சோதிக்கப் பலகை முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு திசை மூலைவிட்டத்தில் வரிசை எண்களின் கூட்டுத்தொகை மாறாது. மறு திசையில் அவற்றின் வேறுபாடு மாறாது. ஆகவே 15 இடங்கள் கொண்ட இரண்டு அணிகளும், நெடுவரிசைக்கு 8 இடங்கள் கொண்ட ஓர் அணியும் போதும். அரசிகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் 8 இடங்களையும் சேர்த்தால் மொத்தம் 46 எண்கள். ஸ்பெக்ட்ரத்தில் ஓர் எண்ணுக்கு ஐந்து பைட்டு வீதம் 230 பைட்டுகள்.

இம்முறையில் 876 கட்டங்களைச் சோதித்தவுடன் முதல் விடை கிடைக்கும்: அடுத்தடுத்த வரிசைகளில் 1, 5, 8, 6, 3, 7, 2, 4 ஆகிய இடங்கள். 92 விடைகளையும் காண 15,720 சோதனைகள் போதும். நாட்கணக்கான வேலை, கணினியை மாற்றாமலே, காத்திருக்கக்கூடிய நேரத்திற்குள் வந்துவிடுகிறது.

அனோய் கோபுரம்

எடுவார்டு லூக்காசு 1883இல் வெளியிட்ட இப்புதிரில், ஒரு தூணில் அளவு வாரியாக அடுக்கிய தட்டுகளை மற்றொரு தூணுக்கு மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டுமே நகர்த்தலாம். சிறியதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. எட்டுத் தட்டுகளுக்கு 255 நகர்வுகள் தேவை.

இதற்குத் தன்னைத்தானே அழைக்கும் நிரல் இயல்பானது. 1981இல் வெளியான பிபிசி மைக்ரோவின் பேசிக்கில் செயல்முறைகளும் அவற்றுக்கு உரிய உள்மாறிகளும் இருந்ததால் அதை நேரடியாக எழுதலாம். ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கில் துணைநிரலுக்கென்று தனி மாறிகள் இல்லை. எந்த ஆழத்தில் எந்தத் தட்டு நகர்கிறது என்பதை நிரலாளரே அணிகளில் குறித்து வைக்க வேண்டும். பிற மொழிகள் மறைவாகச் செய்யும் வேலை இங்கு வெளிப்படையாகத் தெரியும்.

தன்னழைப்பே இல்லாத வழியும் உண்டு. ஒற்றைப்படை நகர்வுகளில் மிகச் சிறிய தட்டை எப்போதும் ஒரே சுற்றுத் திசையில் நகர்த்த வேண்டும். இரட்டைப்படை நகர்வுகளில் சிறிய தட்டைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரே நகர்வைச் செய்ய வேண்டும். ஆனால் எந்த வழியாலும் நகர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. கதையில் வரும் 64 தட்டுகளை நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். சிந்தனையால் சுருக்க முடியாத வேலைகளும் உண்டு என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

குதிரைப் பயணம்

சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட வேண்டும் என்பது குதிரைப் பயணப் புதிர். வெறும் பின்வாங்கித் தேடல் இங்கு மிக நீண்டுவிடக்கூடும். 1823இல் வார்ன்ஸ்டார்ஃப் தந்த விதி எளிது: அடுத்துச் செல்லக்கூடிய கட்டங்களுள், அங்கிருந்து மேலே செல்ல மிகக் குறைந்த வழிகள் உள்ள கட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் சென்றடையக் கடினமாகும் மூலைகளையும் ஓரங்களையும் முன்பே முடித்துவிடுவதால் இது பெரும்பாலும் வெற்றி பெறும். ஒரு பயணத்திற்கான சோதனைகள் 4,096க்கு மிகாது. எனினும் இவ்விதி ஒவ்வொரு முறையும் வெற்றி தரும் என்ற உறுதி இல்லை.

இன்று முயல்வோருக்கு

ஸ்பெக்ட்ரம் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள்கள் இன்றைய கணினிகளுக்குக் கிடைக்கின்றன. புதிய திரைகளில் பழைய படப்புள்ளிகள் பெரிதாகவும் கூர்மையாகவும் தெரிவதால், கஃபே சுவரின் சாந்துக் கோடு சாம்பலாகத் தெரியாமல் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியலாம். அப்போது சில அடிகள் விலகி நின்று பார்க்க வேண்டும். புதிர் நிரல்களை அன்றைய வேகத்திலேயே ஓடவிடுவது நல்லது. அரசிகள் அமர்வதும் பின்வாங்குவதும் கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில் நடக்கும்போது, நிரல் எந்த இடத்தில் வீணாக உழைக்கிறது என்பதைப் பார்த்தே கண்டறிய முடியும்.