செட் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

"அண்ணே, காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க." தாம்பரம் வட்டாரத்தில், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் மருந்துக்கடை வாசலில் மாலை நேரம் நின்றால் இது காதில் விழும். சில கடைகளில் அட்டையிலிருந்து வெட்டிய மூன்று நான்கு மாத்திரைகள் காகித உறையில் வரும். இதுதான் செட் மாத்திரை. பெயரும் இருக்காது, பில்லும் இருக்காது. அவற்றில் ஒரு குட்டி மாத்திரை டெக்சாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருக்கலாம். இரண்டும் ஸ்டீராய்டுகள். மறுநாள் காலை உடம்பு லேசாகிவிடும். என் அச்சமே அதுதான்.

காய்ச்சலும் வலியும் பெரும்பாலும் நம் செல்களின் வேலை. கிருமியின் வாடை பட்டதும், செல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் பூட்டை உடைத்துக்கொண்டு கருவுக்குள் போகும். அங்கே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கச் சொல்லும். அதே கையோடு, தன்னை மறுபடி பூட்டி வைக்கும் புரதத்தையும் தயாரிக்கச் சொல்லும்! தீ மூட்டும்போதே பக்கத்தில் தண்ணீரும் எடுத்து வைக்கும் ஏற்பாடு இது. ஸ்டீராய்டு இந்தக் கணக்குக்குக் காத்திருக்காது. கருவுக்குள் புகுந்து அழற்சி மரபணுக்களின் வாயை அடைத்துவிடும். வலி போகும், கிருமி அங்கேயே இருக்கும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சங்கதி. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் அங்குள்ள ஒரு ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர். காசநோய்க் கிருமி நோய் காட்டாமல் பல ஆண்டுகள் உடம்பில் உறங்கும். நுரையீரலில் அதைச் சுற்றி வளைத்து நிற்கும் செல்களின் கோட்டைக்கு டிஎன்எஃப்தான் சுண்ணாம்பும் செங்கல்லும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கினால் கோட்டை தளர்ந்து, உறங்கியது எழலாம். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையும் எகிறும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை டெக்சாமெத்தசோன் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்று தீர்மானிக்கத்தான் மருத்துவர் வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் அட்டவணை எச் மருந்துகள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். பில் கேளுங்கள்; தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழையுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஏற்கெனவே பல வாரங்களாக இப்படி வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்திருக்கும்; திடீரென்று விட்டால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருக்கும் மாத்திரையை உறையோடு மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார்.