சந்தாவுக்காகப் பிறந்த கிளைக்கதைகள்

பெரும் கதையுலகங்கள் – 9

டிஸ்னி பிளஸ் தளம் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 2019 நவம்பர் 12 அன்றே அதில் ‘தி மாண்டலோரியன்’ தொடரின் முதல் எபிசோட் வெளியானது. நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட முதல் ஸ்டார் வார்ஸ் தொடர் அதுதான். அடுத்த மாதம் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ திரையரங்குகளுக்கு வந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஸ்டார் வார்ஸ் படம்கூடப் பெரிய திரையைத் தொடவில்லை. 1977இல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிவைத்த கதையுலகத்தின் முழுப் பாரமும் அந்த ஆண்டுகளில் ஓடிடி தொடர்களின் தோளில் இருந்தது. அந்தத் தொடர்கள் ரசிகர்களைத் திரும்பத் திரும்ப ஏமாற்றின. அதற்கான காரணம் தனித்தனி இயக்குநர்களிடமோ நடிகர்களிடமோ இல்லை. அந்தத் தொடர்கள் எதற்காக எடுக்கப்பட்டன, எப்படி உருவாயின என்பதில்தான் இருக்கிறது.

டிஸ்னி நிறுவனம் 2012இல் 405 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2015 முதல் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் படங்கள் வந்தன. 2018இல் வந்த ‘சோலோ’ வசூலில் தோற்றது. முக்கியப் பாத்திரங்களின் இளமைக் கதைகளைத் தனிப் படங்களாக எடுக்கும் திட்டம் அதோடு நின்றுபோனது. கைவிடப்பட்ட திட்டங்களுக்கு ஓடிடியில் இடம் கிடைத்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த விவரம் முக்கியம்.

‘தி மாண்டலோரியன்’ முதல் சீசன் ஜெயித்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. நாயகன் புதியவன். ஊர் ஊராகப் போகும் கூலி வேட்டைக்காரன். வாரம் ஓர் ஊர், ஓர் ஆபத்து. ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றைக்கூடப் பார்க்காதவர் உட்கார்ந்தாலும் கதை புரியும். முதல் எபிசோடின் முடிவில் வெளிப்பட்ட குழந்தைப் பாத்திரத்தைத் தொடரின் படைப்பாளிகளான ஜான் ஃபாவ்ரோவும் டேவ் ஃபிலோனியும் கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். ரகசியம் கசிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொம்மை விற்பனையைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். வணிகத்தைவிடக் கதை முன்னால் நின்ற அரிய தருணம் அது.

ஓராண்டு கழித்து நிலைமை மாறியது. 2020 டிசம்பர் 10 அன்று முதலீட்டாளர்கள் கூட்டத்தில், அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து ஸ்டார் வார்ஸ் தொடர்களும் பத்து மார்வெல் தொடர்களும் வரும் என்று டிஸ்னி அறிவித்தது. 2024 நிதியாண்டு முடிவதற்குள் 23 கோடி முதல் 26 கோடி சந்தாதாரர்கள் என்பது இலக்கு. திரையரங்கு வணிகத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. படத்துக்கு டிக்கெட் வாங்கியவரிடம் மறுமாதம் கேட்க எதுவும் இல்லை. சந்தா கட்டியவரோ ஒரு தொடர் முடிந்ததும் விலகிவிடக்கூடும். அவரை நிறுத்திவைக்க அடுத்த தொடர் தயாராக இருக்க வேண்டும். ஆகவே கதை கனிவதற்கு முன்பே வெளியீட்டு மாதம் குறிக்கப்பட்டுவிடுகிறது. அன்று அறிவிக்கப்பட்டவற்றில் சில எடுக்கப்படவே இல்லை. எடுக்கப்பட்டவற்றில் சில, எடுக்காமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரசிகர்களை நினைக்க வைத்தன.

அதன்பின் நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட ஸ்டார் வார்ஸ் தொடர்களில் முதலில் வந்தது ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’. 1980இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் போபா ஃபெட்டுக்கு நான்கே வசனங்கள். முகத்தைக் காட்டுவதில்லை, எங்கிருந்து வந்தான் என்று சொல்வதில்லை. வில்லன் டார்த் வேடரே அவனைத் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அடிபட்ட தலைக்கவசமும் அந்த மௌனமும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் அவனை ரசிகர்களின் மனத்தில் வைத்திருந்தன. 2021 டிசம்பர் 29 அன்று தொடங்கிய தொடரில் அவன் கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நிறையப் பேசினான். அந்தப் பாத்திரத்தில் நடித்த டெமுவேரா மோரிசனே தனக்கு வசனம் அதிகம் என்று பேட்டியில் சொன்னார். குற்றவுலகத் தலைவனாக வருபவன் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறான் என்ற கேள்விக்கும் தொடர் பதில் தரவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு ஐந்தாவது எபிசோடில் வந்தது. அந்த எபிசோட் முழுவதிலும் போபா ஃபெட் இல்லை; முழுக்க முழுக்க மாண்டலோரியனின் கதை. ஆறாவது எபிசோடில் ஒரே காட்சியில் தலைகாட்டுகிறான், ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏழு எபிசோட் கொண்ட தொடரில் இரண்டு, வேறொருவனின் தொடருக்குப் போய்விட்டன. அந்த இரண்டும்தான் அதில் சிறந்தவை என்று பலர் சொன்னது தொடருக்குப் பெருமை சேர்க்கும் பாராட்டு அல்ல.

இந்த இடமாற்றம் மற்றொரு கதையையும் காயப்படுத்தியது. 2020 டிசம்பரில் ‘தி மாண்டலோரியன்’ இரண்டாம் சீசன் முடியும்போது குழந்தை குரோகு பழைய படங்களின் லூக் ஸ்கைவாக்கரோடு புறப்படுகிறான். நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டி விடைகொடுக்கிறான். இரண்டு சீசனாகக் கட்டி எழுப்பிய உறவின் உச்சம் அது. இந்த உலகத்தின் மிக நல்ல பிரிவுக் காட்சிகளில் ஒன்று. அந்தப் பிரிவு போபா ஃபெட்டின் தொடரில் ரத்துசெய்யப்பட்டது. 2023 மார்ச்சில் மூன்றாம் சீசன் தொடங்கியபோது குரோகு நாயகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடைப்பட்ட தொடரைப் பார்க்காதவர்களுக்கு நடந்தது என்னவென்றே புரியவில்லை. பார்த்தவர்களுக்கோ, தாங்கள் கலங்கிய காட்சிக்கு இரண்டாண்டு ஆயுள்கூட இல்லையே என்ற வருத்தம்.

‘ஓபி-வான் கெனோபி’ தந்த ஏமாற்றம் இன்னும் ஆழமானது, ஏனெனில் அதன் மீதிருந்த அன்பு பெரிது. 1999 முதல் 2005 வரை வந்த முன்கதைப் படங்களைப் பலர் குறை சொன்னபோதும் கெனோபியாக நடித்த இவான் மெக்ரெகரை யாரும் குறை சொன்னதில்லை. அவர் மீண்டும் அந்த அங்கியை அணிய வேண்டும் என்று ஒரு தலைமுறையே காத்திருந்தது. முதலில் அது திரைப்படமாகத்தான் திட்டமிடப்பட்டது; ‘சோலோ’வின் தோல்விக்குப் பிறகு தொடராக மாறியது. 2020 தொடக்கத்தில் படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில் திரைக்கதை போதவில்லை என்று வேலை நிறுத்தப்பட்டு, வேறு எழுத்தாளர் அமர்த்தப்பட்டார். 2022 மே 27 அன்று அது வெளியானபோது, ஒரு படத்துக்கான கதை ஆறு எபிசோடுகளுக்கு இழுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கடத்தல், மீட்பு, மறுபடியும் பிடிபடுதல், மறுபடியும் மீட்பு என்று கதை ஒரே வட்டத்தில் சுற்றியது. ரசிகர் ஒருவர் அந்த ஆறு எபிசோடுகளையும் வெட்டிச் சேர்த்து சுமார் இரண்டரை மணி நேரப் படமாக்கினார். அது விரிவாகப் பேசப்பட்டது. தொடரைவிட அதுவே நன்றாக இருக்கிறது என்றவர்களும் உண்டு.

நீளம் மட்டும் பிரச்சினை அல்ல. 1977 படத்தில் இளவரசி லியா கெனோபிக்கு உதவி கேட்டுச் செய்தி அனுப்பும்போது, தன் தந்தையோடு போரில் நின்ற ஒரு பெரியவரிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். நேரில் பழகியவர் என்ற சாயலே அதில் இல்லை. புதிய தொடரிலோ பத்து வயது லியாவை அவர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுகிறார். பழைய படத்தில் கெனோபியும் வேடரும் மோதும்போது, அவர்கள் கடைசியாகச் சந்தித்தது குருவும் சீடனுமாக இருந்தபோதுதான் என்ற பொருள் தொனிக்கும். தொடர் அவர்களை இடையில் இரண்டு முறை மோதவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் விளக்கம் சொல்லிவிடலாம், சிலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் விளக்கம் தேவைப்படும் ஒவ்வோர் இடத்திலும் மூலப்படத்தின் ஒரு காட்சி சற்றே பலம் இழக்கிறது. கெனோபி, லியா, வேடர் மூவரும் பிழைப்பார்கள் என்பது தெரிந்திருக்க, தப்பிப்பார்களா மாட்டார்களா என்ற கேள்வியையே தொடர் பெரிதும் நம்பியிருந்தது. கடைசி எபிசோடில் உடைந்த கவசத்தின் வழியே வேடரின் பாதி முகம் தெரிய, கெனோபி மன்னிப்புக் கேட்கும் காட்சி மட்டும் வேறு தரத்தில் நிற்கிறது. வேடராக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனுக்கு அந்தக் காட்சி செய்த நியாயத்தை மறுப்பதற்கில்லை.

2023 ஆகஸ்டில் வந்த ‘அசோகா’வின் சிக்கல் வேறு. ‘ரெபல்ஸ்’ என்ற நான்கு சீசன் அனிமேஷன் தொடரை முடித்தவர்களுக்கு அது அடுத்த அத்தியாயம். மற்றவர்களுக்கு, யாரோ ஒருவரை எல்லோரும் தேடுகிறார்கள், ஏன் தேடுகிறார்கள் என்று நெஞ்சில் படுவதில்லை. மார்வெல் உலகத்தில் இதே நோய் இன்னும் முற்றியது. 2023இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்தின் மூன்று நாயகிகளில் இருவர் ஓடிடி தொடர்களில் வளர்ந்தவர்கள். மார்வெல் படங்களிலேயே மிகக் குறைந்த வசூல் அந்தப் படத்துக்குத்தான்.

2024 ஜூனில் தொடங்கிய ‘தி அகோலைட்’, திரையில் வந்த ஸ்கைவாக்கர் காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய கதை. பழைய பாத்திரங்களின் நிழலிலிருந்து விலகியது நல்ல துணிச்சல். எட்டு எபிசோடுகளுக்குச் செலவு குறைந்தது 18 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. முதல் ஐந்து நாளில் 1.11 கோடி பார்வைகள் என்று டிஸ்னி அறிவித்தது. பிறகு அது சரிந்தது. ஆகஸ்டில் தொடர் நிறுத்தப்பட்டது. செலவுக்கு ஏற்ற பார்வையாளர்கள் இல்லை என்பதே நிறுவனத்தின் விளக்கம். கடைசிக் காட்சிகளில் போடப்பட்ட புதிய முடிச்சுகள் அப்படியே நிற்கின்றன. முடிவில்லாமல் கைவிடப்படும் தொடர் இன்னொரு கெடுதலும் செய்கிறது: அடுத்த தொடரை முதல் வாரத்திலேயே பார்க்கலாமா, முடியட்டும் என்று காத்திருக்கலாமா என்று ரசிகரை யோசிக்க வைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் சிறுவர்களை மையமாக வைத்து வந்த ‘ஸ்கெலிட்டன் க்ரூ’ விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியும் பெரிய பேச்சாகவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கறாராகச் சொல்லியாக வேண்டும். ‘ஓபி-வான் கெனோபி’யில் நடித்த மோசஸ் இங்கிராமுக்கு அவருடைய நிறத்தைச் சொல்லி வசைகள் வந்தன, மெக்ரெகர் காணொளியில் தோன்றி அவற்றைக் கண்டித்தார். அதற்கு முன் ஸ்டார் வார்ஸ் பட நடிகை கெல்லி மேரி டிரானுக்கும், பின்னர் ‘தி அகோலைட்’ நடிகர்களுக்கும் அதே அனுபவம். இது ரசிகர்களின் ஏமாற்றம் அல்ல, வெறுப்பு. அதற்கு இந்தக் கதையுலகத்தின் மீதான அக்கறையைச் சாக்காகச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல. அதே சமயம், நியாயமான விமர்சனத்தையும் அந்த வெறுப்போடு ஒரே மூட்டையில் கட்டிவிடும் வசதி நிறுவனங்களுக்குக் கிடைத்துவிட்டது. திரைக்கதை பலவீனம் என்று பொறுமையாக எழுதியவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

இவ்வளவுக்கும் நடுவில் ‘ஆண்டோர்’ வந்தது. 2022 செப்டம்பரில் அது தொடங்கியபோது பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ‘ரோக் ஒன்’ படத்தின் ஒரு பாத்திரத்துக்கு முன்கதை; அந்தப் படத்தின் முடிவில் அவன் இறந்துவிடுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஓபி-வான் கெனோபி’க்கு இருந்த அதே கட்டுப்பாடு, ஒருவகையில் இன்னும் கடுமையானது. ஆனால் தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் கேட்ட கேள்வி வேறு. இவன் பிழைப்பானா என்று அவர் கேட்கவில்லை. தன்னைத் தவிர யாரைப் பற்றியும் கவலைப்படாத ஒரு திருடன், பிறருக்காகச் சாகத் துணிபவனாக எப்படி மாறினான் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முடிவு தெரிந்திருப்பது தடையாகவில்லை. முதல் சீசனில் ஒரு ஜெடை வீரர்கூட இல்லை. ஒரு சிறைச்சாலை, அதில் ஓயாமல் உதிரிப்பாகங்கள் செய்யும் கைதிகள், விடுதலை நாள் ஒருபோதும் வராது என்று அவர்கள் உணரும் கணம்: அந்த மூன்று எபிசோடுகள் ஸ்டார் வார்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டாலும் நிற்கும்.

தயாரிப்பு முறையிலும் வேறுபாடு இருந்தது. ‘தி மாண்டலோரியன்’ பிரபலமாக்கிய, நடிகர்களைச் சுற்றி எல்இடி திரைகளில் நிலப்பரப்பைக் காட்டும் அரங்கத்தை ‘ஆண்டோர்’ முதல் சீசனுக்குப் பயன்படுத்தவில்லை. ஊர்களை நிஜ அரங்குகளாகக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் எடுத்தார்கள். தெருவில் நடப்பவனுக்குப் பின்னால் உண்மையான தெரு இருந்தது. ஐந்து சீசன் என்று யோசித்த கதையை நீட்டாமல் இரண்டாகச் சுருக்கினார்கள். 2025 ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுக்கு ஓராண்டு என்ற அளவில் கதை நகர்ந்து, ‘ரோக் ஒன்’ தொடங்கும் வாசலில் முடிந்தது. நாடகத் தொடருக்கான எழுத்துப் பிரிவில் எம்மி விருதும் கிடைத்தது.

‘ஆண்டோர்’ மலிவாக எடுக்கப்படவில்லை. 24 எபிசோடுகளுக்கு ஏறத்தாழ 65 கோடி டாலர் செலவானதாகக் கில்ராயே சொல்லியிருக்கிறார். பார்வையாளர் எண்ணிக்கையும் தொடக்கத்தில் ‘தி மாண்டலோரியன்’ அளவுக்கு இல்லை. போபா ஃபெட் தொடரும் கெனோபி தொடரும் தந்த கசப்பு ஆறாத நேரத்தில், ஓராண்டுக்குள் வந்த மூன்றாவது ஸ்டார் வார்ஸ் தொடர் அது. நல்ல தொடர் ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி வாய்வழியாகப் பரவவே மாதங்கள் ஆயின.

நிறுவனமும் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. 2022 அக்டோபர் 1 அன்று முடிந்த காலாண்டில் டிஸ்னியின் ஓடிடிப் பிரிவுக்கு 147 கோடி டாலர் நஷ்டம். அடுத்த மாதம் பாப் ஐகர் மீண்டும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2023 பிப்ரவரியில் 550 கோடி டாலர் செலவுக் குறைப்பை அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில், மார்வெல் தொடர்களைப் பெருக்கியது கவனத்தைச் சிதறடித்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரியில் ‘தி மாண்டலோரியன் அண்ட் குரோகு’ என்ற திரைப்படம் அறிவிக்கப்பட்டது. ஓடிடிக்காகவே பிறந்த பாத்திரங்களில் திரையரங்கை நோக்கிப் புறப்பட்ட முதல் ஸ்டார் வார்ஸ் நாயகன், முன்கதையோ பழைய புகழோ இல்லாமல் வந்த அந்தக் கூலி வேட்டைக்காரனே.